டைம்டேபிள் போட்டும் மூணு நாள் தாண்டலையா? கல்லூரி மாணவர்களின் ‘பர்ன் அவுட்’... மீள்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை இரவு. மேஜையில் புது நோட்டு, மூன்று கலர் பேனா. காலை 5 மணியில் இருந்து இரவு 11 மணி வரை அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டு டைம்டேபிள் ரெடி. ‘இந்த செமஸ்டர் வேற மாதிரி இருக்கணும்’ என்ற சபதமும் ரெடி.

திங்கள் ஓடும். செவ்வாய் பாதி ஓடும். புதன்கிழமை லேப் ரெக்கார்டு குறுக்கே வந்து நிற்கும். வியாழன் அன்று அந்த நோட்டைத் திறக்கவே பிடிக்காது. அடுத்த ஞாயிறு, மறுபடியும் புதுப் பக்கம்.

தமிழ்நாட்டில் கல்லூரி படிக்கும் பலருக்கு இது பழகிய கதை. பொறியியல் மூன்றாம் ஆண்டில் இன்டர்னல், மினி புராஜெக்ட், பிளேஸ்மென்ட் டிரெய்னிங் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தில் விழும்போது இன்னும் அதிகம். டைம்டேபிள் உடைந்ததும் பழி வந்து சேரும் இடம் ஒன்றுதான்: ‘எனக்கு ஒழுக்கமே இல்லை.’ வீட்டிலும் அதையேதான் சொல்வார்கள்: “நாள் பூரா ஃபோனைத்தானே நோண்டுற, அப்புறம் டைம் இல்லைனா எப்படி?”

உண்மையில் நேரம் எங்கே போகிறது? சோர்ந்துபோன மாணவர் முதலில் சரிசெய்ய வேண்டியது டைம்டேபிளையா, வேறு எதையாவதா? பார்ப்போம்.

பர்ன் அவுட் என்றால் என்ன?

‘பர்ன் அவுட்’ என்ற சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் பணியாற்றியபோது, ஆர்வத்தோடு வேலைக்கு வந்தவர்களே சில மாதங்களில் வெறுத்துப்போவதைக் கவனித்தார். 1974-ல் அதைக் கட்டுரையாக எழுதினார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் சர்வதேச நோய் வகைப்பாட்டில் இதற்கு விளக்கம் கொடுத்தது. அதன்படி பர்ன் அவுட் ஒரு நோய் அல்ல. சமாளிக்க முடியாமல் நீண்டகாலம் தொடரும் பணியிட அழுத்தத்தின் விளைவு. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. கல்லூரி மொழியில் சொன்னால் இப்படி:

களைப்பு: ஞாயிறு 10 மணி நேரம் தூங்கினாலும் திங்கள் காலை உடம்பு எழ மறுக்கும்.

ஒட்டாமை: பிடித்துச் சேர்ந்த பாடம்தான். ஆனால், ‘இதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது?’ என்று தோன்றும். கிளாஸில் உட்கார்ந்திருந்தாலும் மனம் வேறெங்கோ இருக்கும்.

திறன் குறைந்த உணர்வு: முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த அசைன்மென்ட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். ‘என்னால முடியல’ என்ற எண்ணம் நிலைத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கம் வேலை பார்ப்பவர்களுக்கானது. ஆனால் பாடம், தேர்வு, கெடு தேதி எனப் படிப்பும் ஒரு வேலை போலத்தான் நடக்கிறது. ஊழியர்களின் பர்ன் அவுட்டை அளக்கும் கேள்வித்தாளை மாணவர்களுக்கு ஏற்ப மாற்றி, ஸ்பெயின், போர்ச்சுகல், நெதர்லாந்து மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. அதன்பிறகு மாணவர் பர்ன் அவுட் தனியாகவே ஆராயப்படுகிறது.

சாதாரண டென்ஷனுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிய ஒரு எளிய வழி உண்டு. டென்ஷன் என்றால் எக்ஸாம் முடிந்ததும் குறைந்துவிடும். பர்ன் அவுட் என்றால் எக்ஸாம் முடிந்து ஒரு வாரம் ஆன பிறகும் மனம் லேசாகாது.

168 மணி நேரக் கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். இதில் யாருக்கும் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஆவடியில் வீடு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பொறியியல் கல்லூரி, தினமும் கல்லூரி பஸ்ஸில் போய்வரும் மூன்றாமாண்டு மாணவி.

காலை 5.30-க்கு எழுந்து, 6.40-க்கு பஸ் ஏறுகிறார். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஐந்து நாளைக்கு 15 மணி நேரம். கல்லூரியில் தினமும் 7 மணி நேரம், வாரத்துக்கு 35. தினமும் ஏழரை மணி நேரம் தூங்கினால் 52.5. குளியல், சாப்பாடு, கிளம்புவது எல்லாம் சேர்த்து தினமும் இரண்டரை மணி நேரம் என்றால் 17.5. மொத்தம் 120 மணி நேரம் போய்விட்டது.

மிச்சம் 48. இதற்குள் என்னென்ன அடங்க வேண்டும்?

ரெக்கார்டு, அசைன்மென்ட்: 8 மணி நேரம்
இன்டர்னலுக்குப் படிப்பது: 8
பிளேஸ்மென்ட் கோடிங், ஆப்டிடியூட்: 10
மினி புராஜெக்ட்: 4
ரெஸ்யூமேவுக்காகச் சேர்ந்த ஆன்லைன் சான்றிதழ் கோர்ஸ்: 4
வீட்டு வேலை, கடைக்குப் போவது, உறவினர் வருகை: 7

கூட்டினால் 41. ஆக, கையில் இருப்பது வாரத்துக்கு 7 மணி நேரம். அதாவது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். தோழியோடு பேச, படம் பார்க்க, சும்மா உட்கார எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவுதான்.

இப்போது ஃபோன். பஸ்ஸில் பார்ப்பதை விட்டுவிட்டு வீட்டில் மட்டும் தினமும் 3 மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு 21. இருப்பது 7, செலவாவது 21. துண்டு விழுவது 14 மணி நேரம்.

இந்த 14 எங்கிருந்து வரும்? பஸ்ஸைக் குறைக்க முடியாது, கிளாஸைக் குறைக்க முடியாது. தூக்கத்தில்தான் கை வைக்க முடியும். தினமும் இரண்டு மணி நேரம் கழிந்து, ஏழரை மணி நேரத் தூக்கம் ஐந்தரை ஆகிவிடும். கோடு போட்டு எழுதிய டைம்டேபிளில் இந்தத் துண்டு தெரியாது. புதன்கிழமைதான் தெரியவரும்.

அப்போ ஃபோனை விட்டா சரியாகிடுமா?

கணக்கைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால், ஃபோனை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்தாலும் கணக்கு சரியாகப் பூஜ்யத்தில்தான் நிற்கும். ஒரு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால், ஒரு காய்ச்சல் வந்தால், ஒரு கல்யாணத்துக்குப் போனால் மறுபடியும் துண்டு விழும்.

இன்னொன்று, நாள் முழுக்க யாரோ சொன்ன வேலையைச் செய்தவருக்கு, இரவு 11 மணிக்கு ரீல்ஸ் பார்க்கும் நேரம்தான் தன் இஷ்டத்துக்குக் கிடைத்த ஒரே நேரம். அதனால்தான் தூக்கம் வந்தாலும் ஃபோனைக் கீழே வைக்க மனம் வராது. வேறு ஓய்வு எதுவும் கொடுக்காமல் அதை மட்டும் பிடுங்கினால் இரண்டு நாள்கூடத் தாங்காது.

ஆக, குறைய வேண்டியது ஃபோன் மட்டும் அல்ல. மொத்தச் சுமையும் குறைய வேண்டும்.

இரவு 10.30-க்கு மூளை எப்படி இருக்கும்?

‘தூக்கத்தைத்தானே குறைக்கிறேன், சமாளிச்சுக்கலாம்’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறனையும் மது அருந்தியவர்களின் செயல்திறனையும் ஒப்பிட்டது. 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்பாடு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது.

இந்தியாவில் வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதாவது 0.03 சதவீதம்.

காலை 5.30-க்கு எழுந்த மாணவிக்கு 17 மணி நேரம் முடிவது இரவு 10.30-க்கு. சரியாக அந்த நேரத்தில்தான் பலர் லேப்டாப்பைத் திறந்து கோடிங் பிராக்டிஸை ஆரம்பிக்கிறார்கள். ஒரு மணி நேரம் தடுமாறி, ஒரு புரோகிராமும் ஓடாமல், ‘எனக்கு கோடிங் வராது’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கோடிங் வரும், அந்த நேரத்தில்தான் வராது.

முதல் இரண்டு வாரம்: டைம்டேபிள் வேண்டாம்

சோர்வின் உச்சத்தில் போடும் டைம்டேபிள், செய்ய முடியாத வேலைகளின் பட்டியலாகத்தான் முடியும். அதனால் முதலில் மீட்சி, பிறகு திட்டம்.

ஆனால், கல்லூரி மாணவர் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போய் உட்கார முடியாது. பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். செமஸ்டருக்கு 75 வேலை நாட்கள் என்று வைத்தால், அதிகபட்சம் 18 நாட்கள்தான் லீவு போட முடியும். மீட்சியை செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தாக வேண்டும். அதற்கான வழிகள்:

1. தூக்கத்தை முதலில் எழுதுங்கள். 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கத்தை அமெரிக்காவின் தேசிய தூக்க அறக்கட்டளை பரிந்துரைக்கிறது. 5.30-க்கு எழுந்தே ஆக வேண்டும் என்றால் 10 மணிக்கு லைட் அணைய வேண்டும். ஞாயிறு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். மதியம் 12 வரை தூங்கினால் அன்று இரவு தூக்கம் வராது, திங்கள் மறுபடியும் சிக்கல்.

2. வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். ‘விட்டா அரியர்’, ‘தள்ளிப்போடலாம்’, ‘விட்டுடலாம்’. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பதைத் தகுதியாகவே வைக்கின்றன. அதனால் பாடமும் இன்டர்னலும் முதல் பட்டியல். மதிப்பெண் கணக்கில் சேரும் ‘நான் முதல்வன்’ பாடமும் இதில்தான் வரும். கோடிங் இரண்டாவது. ‘எல்லாரும் சேர்ந்தாங்க, நானும் சேர்ந்தேன்’ வகைச் சான்றிதழ் கோர்ஸ் மூன்றாவது.

மேலே பார்த்த கணக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். கோடிங்கை 10-ல் இருந்து 5 ஆக்கினால் 5 மணி நேரம் மிச்சம். சான்றிதழ் கோர்ஸை இந்த மாதம் நிறுத்தினால் 4. ஃபோனை 3 மணி நேரத்தில் இருந்து 2 ஆக்கினால் 7. மொத்தம் 16 மணி நேரம். துண்டு விழுந்த 14-ஐ அடைத்துவிட்டு 2 மணி நேரம் கையில் நிற்கும். ஃபோனை அடியோடு விட வேண்டிய அவசியமும் வரவில்லை.

3. பஸ்ஸைப் பஸ்ஸாகவே விடுங்கள். ‘போற வழியில படிச்சுக்கலாம்’ என்ற திட்டம் கேட்க நன்றாக இருக்கும். கூட்டத்திலும் குலுக்கலிலும் நடக்காது. கண்ணை மூடலாம், பாட்டு கேட்கலாம், பக்கத்து சீட்டில் பேசலாம். அதுவும் ஓய்வுதான்.

4. லீவைத் திட்டமிட்டு எடுங்கள். வெறுத்துப்போய் ‘இன்னைக்கு கட்’ அடித்த நாள் முழுக்கக் குற்ற உணர்ச்சியில்தான் போகும். மாதத்துக்கு ஒரு நாள் ஓய்வுக்கு என்று முன்கூட்டியே குறித்து வைத்தால், அன்று நிம்மதியாக இருக்கலாம்.

மூன்றாவது வாரம்: இப்போது டைம்டேபிள்

தூக்கம் கொஞ்சம் சரியான பிறகு போடும் டைம்டேபிள் நிற்க வாய்ப்பு அதிகம். அதற்கும் சில விதிகள் உண்டு.

ஒன்றரை மடங்கு விதி: 1994-ல் கனடாவில் உளவியல் மாணவர்களிடம், ‘உங்கள் ஆய்வறிக்கையை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?’ என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாட்கள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாட்கள். ‘எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள்?’ என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன 48.6 நாட்களையும் அது தாண்டியது. நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. ஒரு மணி நேரம் என்று தோன்றும் வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் புதன்கிழமை இடிக்காது.

ஒரு மாலை காலி: வாரத்தில் ஒரு நாள் மாலை எதுவும் எழுதாமல் விட வேண்டும். மற்ற நாட்களில் வழிந்த வேலை அங்கே வந்து சேரும். எதுவும் வழியவில்லை என்றால் அது லாபம்.

திரும்பத் திரும்பப் படிப்பதைக் குறையுங்கள்: 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, திரும்பப் படித்தவர்களுக்கு நினைவில் இருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். பழைய கேள்வித்தாளை எடுத்து, நோட்ஸை மூடிவிட்டு பார்ட்-ஏ இரண்டு மதிப்பெண் கேள்விகளை எழுதிப் பார்ப்பது இதே முறைதான். அதே நேரத்தில் கூடுதல் பலன் தரும் வழி இது.

10 நிமிடத்தில் தொடங்குங்கள்: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் இடைவேளை என்ற ‘பொமடோரோ’ முறை பலருக்கும் தெரியும். 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலி மாணவர், தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்து உருவாக்கியது. இத்தாலி மொழியில் பொமடோரோ என்றால் தக்காளி. சோர்வில் இருந்து மீள்பவருக்கு 25 நிமிடமே மலைப்பாக இருக்கலாம். முதல் வாரம் 10 நிமிடம் போதும்.

வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பவர்கள்?

எல்லோருக்கும் விடுவதற்கு ஒரு சான்றிதழ் கோர்ஸ் இருக்காது. காலை ஷிப்ட் கலைக் கல்லூரி, மதியம் துணிக்கடை வேலை அல்லது உணவு டெலிவரி என ஓடுபவருக்கு, நாளைக்கு 4 மணி நேரம் வீதம் 6 நாள் என்றால் 24 மணி நேரம் வேலைக்கே போய்விடும். அந்தப் பணம் பஸ் பாஸுக்கும் ஃபீஸுக்கும் தேவை.

இவர்களிடம் ‘சுமையைக் குறை’ என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். தேர்வு நடக்கும் வாரங்களில் மட்டும் ஷிப்டைக் குறைக்க முதலாளியிடம் முன்கூட்டியே பேசலாம். வேலைக்குப் போவதை கிளாஸ் அட்வைசரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டால், அசைன்மென்ட் தேதியிலாவது கொஞ்சம் சலுகை கேட்க முடியும். வருகைப்பதிவு குறைந்த பிறகு போய் நிற்பதைவிட, குறையும் முன்பே பேசுவது நல்லது.

வீட்டில் எப்படிச் சொல்வது?

‘ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு’ என்று சொன்னால், “எங்க காலத்துல நாங்க பார்க்காத கஷ்டமா?” என்ற பதில் பல வீடுகளில் வரும். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்தச் சொல் அவர்களுக்கு எதையும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

168 மணி நேரக் கணக்கைப் பேப்பரில் எழுதிக் காட்டினால் பேச்சு மாறும். “ராத்திரி அஞ்சரை மணி நேரம்தான்மா தூங்குறேன். ரெண்டு வாரத்துக்கு பத்து மணிக்குப் படுத்துடுறேன். அந்த நேரத்துல எந்த வேலையும் சொல்லாதீங்க” என்று தெளிவாகக் கேட்கலாம். என்ன வேண்டும், எத்தனை நாளைக்கு என்று சொன்னால் வீட்டிலும் ஒப்புக்கொள்வது சுலபம்.

ஹாஸ்டல் மாணவர்களுக்கு பஸ் நேரம் மிச்சம். ஆனால், நள்ளிரவு வரை எரியும் லைட்டும் அரட்டையும் தூக்கத்தைத் தின்றுவிடும். ரூம்மேட்டோடு பேசி, லைட் அணைக்கும் நேரம் ஒன்றை முடிவு செய்துகொள்வது டைம்டேபிளைவிட முக்கியம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

எல்லாச் சோர்வும் பர்ன் அவுட் ஆகாது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இரண்டுமே தீராத களைப்பைத் தரும். நன்றாகத் தூங்கியும் களைப்பு போகவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு, பிடித்த விஷயத்திலும் நாட்டமின்மை, பசியும் தூக்கமும் தாறுமாறாக மாறுவது ஆகியவை இருந்தால் அது மனஅழுத்த நோயாக இருக்கலாம். டைம்டேபிளால் அது தீராது, மருத்துவ உதவி வேண்டும். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்தால் காத்திருக்கவே கூடாது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம்.

கல்லூரிக்குப் பொறுப்பு இல்லையா?

இருக்கிறது. மாணவர் தன் பங்குக்கு ஃபோனைக் குறைக்கலாம், தூங்கலாம். ஆனால் ஒரே வாரத்தில் மூன்று ரெக்கார்டு, இரண்டு இன்டர்னல், ஒரு டிரெய்னிங் என்று வைப்பது மாணவர் இல்லையே.

மாணவர்களின் மனநலம் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள், தகுதியுள்ள ஒரு மனநல ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளரையாவது நியமிக்க வேண்டும். உதவி எண்களை ஹாஸ்டலிலும் வகுப்பறைகளிலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் ஆலோசகர் யார், எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்பதற்கு மாணவருக்கு உரிமை உண்டு. ஒருவர் கேட்கத் தயங்கினால் வகுப்புப் பிரதிநிதி மூலம் கேட்கலாம். இன்டர்னல் தேதிகளும் ரெக்கார்டு சமர்ப்பிக்கும் தேதிகளும் ஒரே வாரத்தில் மோதினால், அதையும் எழுத்தில் துறைத் தலைவரிடம் கொடுக்கலாம்.

அடுத்த ஞாயிறு இரவு அந்த நோட்டைத் திறக்கும்போது, காலை 5 மணிக் கட்டத்தில் தொடங்க வேண்டாம். முதல் வரியில் தூங்கும் நேரம். இரண்டாவது வரியில் இந்த மாதம் விடப்போகும் ஒரு வேலை. இப்போதைக்கு இந்த இரண்டு வரி போதும். மிச்சத்தை மூன்றாவது வாரம் எழுதிக்கொள்ளலாம்.